கண்டென்சர் முதல் டிரான்சிஸ்டர் வரை: உதிரிபாகங்களுக்குப் பெயர் வந்த கதை

மின்விசிறி சோம்பலாகச் சுற்றினால், மெக்கானிக் ஸ்டூலில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “கண்டென்சர் போயிருக்கும் சார்.” பெரும்பாலும் அதுதான் காரணமாகவும் இருக்கும். கடையில் கண்டென்சர் என்று கேட்டு வாங்கும் அந்த 2.5 மைக்ரோஃபாரட் டப்பாவின் மேல் அச்சாகியிருப்பதோ கெப்பாசிட்டர் என்ற பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுவே மின்தேக்கி, இலங்கைப் பாடநூலில் கொள்ளளவி. ஒரு சின்ன டப்பாவுக்கு இத்தனை பெயர் எதற்கு என்று தேடிப் போனால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. மின்னணுப் பாகங்களின் பெயர்கள் அந்தப் பாகம் செய்யும் வேலையைச் சொல்வது அபூர்வம். பெயர் வைத்தவர் அன்றைக்கு மின்சாரத்தை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கின்றன. அந்த நினைப்பு காலாவதியான பிறகும் பெயர் மட்டும் தங்கிவிடுகிறது.

கண்டென்சர் என்ற பெயர் இத்தாலியரான அலெஸாண்ட்ரோ வோல்ட்டாவிடமிருந்து வந்தது. மிகக் குறைந்த மின்சாரம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு கருவியைப் பற்றி அவர் 1782இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதற்கு இத்தாலிய மொழியில் ‘கொண்டென்சத்தோரே’ என்று பெயர் வைத்தார். மின்சாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாய்மம் என்று நம்பிய காலம் அது. ஒரு உலோகத் தட்டு தனியாக இருந்தால் கொஞ்சம் மின்னூட்டம்தான் தாங்கும். மெல்லிய காப்புப் பொருளுக்கு அந்தப் பக்கம், தரையோடு தொடர்புள்ள இன்னொரு பரப்பை வைத்தால் அதே தட்டு பல மடங்கு தாங்கும். பாய்மம் செறிந்து அடர்த்தியாகிறது என்றுதானே தோன்றும்? நீராவி நீராவதற்குச் சொல்லும் சொல்லையே வோல்ட்டா இதற்கும் எடுத்துக்கொண்டார்.

பாய்மக் கொள்கை செத்துப் போன பிறகும் பெயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் ஆங்கிலம் பேசும் பொறியாளர்கள் மெல்ல மெல்ல கெப்பாசிட்டருக்கு மாறினார்கள். ‘கொள்ளக்கூடியது’ என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. மாறியதில் ஒரு வசதியும் இருந்தது. அனல் மின் நிலையத்தில் நீராவியைக் குளிரவைக்கும் பெரிய கண்டென்சர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதே பெயரில் இன்னொன்று எதற்கு? ஏசி மெக்கானிக்குக்கு இன்றும் இந்த வித்தியாசம் தேவைப்படுகிறது. வெளியே மாட்டும் யூனிட்டில் வெப்பத்தை வெளியே தள்ளும் சுருள்தான் கண்டென்சர். மோட்டாரைக் கிளப்பிவிடுவது கெப்பாசிட்டர். ஃபேன் மெக்கானிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை, பழைய பெயரே அவருக்குப் போதும். ஜெர்மானியரும் இத்தாலியரும்கூடப் பழைய பெயரை விடவே இல்லை. என்னைக் கேட்டால், இருக்கிற பெயர்களில் மின்தேக்கிதான் தேறும். செறிகிறது என்ற தவறான படம் அதில் இல்லை. தேக்கியதைத் தேவைப்படும்போது திறந்துவிடலாம் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

பேட்டரி கதை இதைவிட வேடிக்கை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1749இல் லண்டனிலிருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில் ‘எலெக்ட்ரிகல் பேட்டரி’ என்று ஒன்றை விவரிக்கிறார். ஜன்னலுக்குப் போடும் பெரிய கண்ணாடிப் பலகைகள் 11, அவற்றின் இரு பக்கமும் மெல்லிய ஈயத் தகடு, எல்லாவற்றையும் இணைத்து ஒரே அடியாக வெடிக்கவிடும் ஏற்பாடு. வரிசையாக நிறுத்திவைத்து ஒன்றாகச் சுடும் பீரங்கிகளுக்குப் பேட்டரி என்று பெயர், அங்கிருந்து எடுத்துக்கொண்டார். கண்ணாடியும் இரு பக்கத் தகடும் என்றால் இன்றைய கணக்கில் அது சுத்தமான மின்தேக்கி. ஆக, உலகின் முதல் ‘பேட்டரி’ இன்று நாம் பேட்டரி என்று சொல்லும் பொருளே கிடையாது. 1800இல் வோல்ட்டா, வேதிவினையால் மின்சாரம் தரும் தன் உலோகத் தட்டு அடுக்கைக் கொண்டுவந்த பிறகு, பெயர் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. இப்போது டார்ச்சுக்குள் போடும் ஒற்றை செல்லையும் பேட்டரி கட்டை என்கிறோம். பீரங்கி வரிசையில் ஒரே ஒரு பீரங்கி!

இப்படிக் கொள்கையைப் பெயருக்குள் வைத்தால் பின்னால் சிக்கல் என்பதை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் இருந்தார், மைக்கேல் ஃபாரடே. 1830களின் தொடக்கத்தில், கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தினால் பொருள்கள் பிரிவதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கரைசலில் அமிழ்த்தும் இரண்டு உலோகத் துண்டுகளையும் அப்போது எல்லாரும் ‘துருவம்’ என்றார்கள். துருவம் என்றால் காந்தம் மாதிரி அது இழுக்கிறது என்று ஆகிவிடும். அது இழுக்கவில்லை, மின்சாரம் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரு வாசல், அவ்வளவுதான் என்பது ஃபாரடேயின் கட்சி. எனவே எந்தக் கொள்கையையும் சுமக்காத சொல் அவருக்கு வேண்டியிருந்தது.

ஃபாரடே கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர். கிரேக்கம் தெரியாது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வில்லியம் ஹியூவெலுக்கு 1834இல் கடிதம் எழுதினார். ஹியூவெல் பெயர் வைப்பதில் பெரிய கை. விஞ்ஞானியைக் குறிக்கும் ‘சயின்டிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே அவர் படைத்ததுதான். ஃபாரடே தன் பக்கம் யோசித்து வைத்திருந்த பெயர்களில் ‘ஈஸ்டோடு’, ‘வெஸ்டோடு’ என்ற ஜோடியும் உண்டு: கிழக்கு வாசல், மேற்கு வாசல். சிரிப்பு வந்தாலும் பின்னால் ஒரு யோசனை இருந்தது. பூமியின் காந்தத்தன்மை அதைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்தால் வருவதாக வைத்துக்கொண்டால், அந்த ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்கே, சூரியன் போகிற திக்கில் ஓட வேண்டும். நம் பாத்திரத்தையும் அதே திசையில் வைத்துவிட்டால் ஓட்டம் நுழையும் பக்கம் கிழக்கு, வெளியேறும் பக்கம் மேற்கு. மின்சாரத்தின் இயல்பைப் பற்றிய கருத்து நாளைக்கு எப்படி மாறினாலும் சூரியன் திசை மாறப்போவதில்லை.

ஹியூவெல் அதைக் கிரேக்கத்தில் இறக்கிக் கொடுத்தார். ‘அனா’ என்றால் மேலே, ‘கடா’ என்றால் கீழே, ‘ஹோடோஸ்’ என்றால் வழி. சூரியன் ஏறும் வழி ஆனோடு, இறங்கும் வழி கேத்தோடு. இரண்டுக்கும் பொதுவாக எலெக்ட்ரோடு. கரைசலுக்குள் நடந்து போகிறவற்றுக்கு ‘போவது’ என்ற பொருளில் அயான். தமிழ்க் காதுக்கு இதில் ஒரு இடறல் உண்டு. நமக்கு மேற்கு என்பது ‘மேல்’ திசை, கிழக்கு ‘கீழ்’ திசை. மலைத்தொடர் மேற்கே, நிலம் சரிந்து கடலில் முடிவது கிழக்கே. ஹியூவெல் வானத்தைப் பார்த்து வைத்த பெயரை நாம் தரையைப் பார்த்துப் படித்தால் ஆனோடும் கேத்தோடும் இடம் மாறிவிடும்.

ஃபாரடேயின் எச்சரிக்கை பலித்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். ஓடுவது எதிர் மின்னூட்டமுள்ள துகள் என்பதும், வழக்கமாக அம்புக்குறி போடும் திசைக்கு நேர் எதிராக அது ஓடுகிறது என்பதும் தெளிவாயின. கண்டென்சரைப் போல ஆனோடும் கேத்தோடும் அசடு வழியவில்லை. அவை சொன்னது வாசலை மட்டும்தான். ஒரு சங்கடம் மட்டும் மிச்சம்: ஆனோடு என்றால் நேர்முனை என்று மனப்பாடம் செய்தவர்கள், பேட்டரியில் மின்சாரம் எடுக்கும்போது ஆனோடு எதிர்முனையாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். மின்னோட்டம் உள்ளே நுழையும் வாசல்தான் ஆனோடு என்று ஃபாரடே சொன்னபடியே நினைவு வைத்தால் திகைப்பு வராது.

இந்த ‘ஓடு’ விகுதியைப் பிடித்துக்கொண்டு 1919இல் ஆங்கிலேய இயற்பியலாளர் வில்லியம் எக்கிள்ஸ் டயோடு என்ற சொல்லை உண்டாக்கினார். எலெக்ட்ரோடுகள் இரண்டு இருந்தால் டயோடு, மூன்று இருந்தால் டிரையோடு. நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போனார்கள். எண்ணிக்கையாகப் பார்த்தால் சரி. கிரேக்கத்தில் நேராகப் படித்தாலோ டயோடு என்பதற்கு ‘இரு வழி’ என்று அர்த்தம். மின்சாரத்தை ஒரே வழியில் மட்டும் விடுவதற்கென்றே பிறந்த பாகம் அது! தமிழில் இருமுனையம் என்றும் இலங்கையில் இருவாயி என்றும் சொன்னவர்கள் வழியை விட்டுவிட்டு முனையையும் வாயையும் எண்ணியதால் இந்த வம்பில் மாட்டவில்லை.

டயோடின் வேலையைச் சரியாகச் சொன்ன பெயர் அதற்கு முன்பே இருந்தது. ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904இல் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் அதைச் செய்தபோது வால்வு என்றார். பம்புக்குள் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வுதான் அவர் மனத்தில் இருந்தது. 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவது முனையைப் புகுத்தினார். அந்தக் குமிழ் பின்னால் ஒலியைப் பெருக்கிக்காட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பெருக்குவது எந்த வால்வும் செய்யாத வேலை. அமெரிக்கர்கள் குழாய் என்ற பொருளில் டியூப் என்றார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வால்வையே பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் ரேடியோ கடைக்காரர்களும் அவர்கள் வழியில்தான் கடைசிவரை ‘வால்வு செட்டு’ என்றார்கள்.

இடையில் ‘டிரான்’ காய்ச்சல் ஒன்று அடித்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தார் கிரேக்கத்தில் கருவியைக் குறிக்கும் அந்த விகுதியைத் தங்கள் குமிழ்களுக்கு ஒட்டினார்கள். வெற்றிடத்தை வைத்து கெனோட்ரான், காந்தத்தை வைத்து மேக்னட்ரான், கதவை வைத்து தைரட்ரான். மேக்னட்ரான் இன்றும் மைக்ரோவேவ் அடுப்புக்குள் உட்கார்ந்து சாம்பாரைச் சூடாக்குகிறது. 1937இல் கலிஃபோர்னியாவில் வேரியன் சகோதரர்கள் நுண்ணலைக் குமிழ் ஒன்றை உருவாக்கினார்கள். எலெக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாக வந்து மோதுவது, அலை கரையில் மோதுவது மாதிரி இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் கிரேக்கப் பேராசிரியர் ஹெர்மன் ஃபிராங்கெல் அதற்குப் பொருத்தமான கிரேக்க வினையைக் கொடுத்தார். கிளைஸ்ட்ரான் பிறந்தது. அதே வினையிலிருந்து பண்டைக் கிரேக்கர்கள் உருவாக்கியிருந்த இன்னொரு கருவிப் பெயருக்கு எனிமா குழாய் என்று அர்த்தம். பேராசிரியருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

1947 டிசம்பரில் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் ஜெர்மேனியம் துண்டு ஒன்றை வைத்து ஒலியைப் பெருக்கிக் காட்டியபோது, அதற்குப் பெயரே இல்லை. சில மாதங்கள் பெயரில்லாமலே கிடந்தது. 1948 மே 28ஆம் தேதியிட்ட ஒரு சுற்றறிக்கையில், ஆய்வகத்தார் தங்களுக்குள் வாக்கெடுப்பு வைத்தார்கள். பட்டியலில் ஆறு பெயர்கள். செமிகண்டக்டர் டிரையோடு, சர்ஃபேஸ் ஸ்டேட்ஸ் டிரையோடு, கிரிஸ்டல் டிரையோடு, சாலிட் டிரையோடு என்ற நான்கும் எக்கிள்ஸ் வழி. ஐந்தாவது அயோட்டாட்ரான், ‘மிகச் சிறியது’ என்ற பொருளோடு டிரான் காய்ச்சலின் வாரிசு. ஆறாவது டிரான்சிஸ்டர். பழைய குமிழின் நினைப்பிலிருந்து விடுபட்டது அது ஒன்றுதான், அதுவே வென்றது. ஜூன் 30 அன்று அந்தப் பெயரிலேயே உலகுக்கு அறிவித்தார்கள்.

பெயர் கொடுத்தவர் அதே ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ். ஓய்வு நேரத்தில் ஜே. ஜே. கப்ளிங் என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதையும் எழுதியவர். அணு இயற்பியலில் வரும் ஒரு கலைச்சொல்லே அந்தப் புனைபெயர். அவர் போட்ட கணக்கு இப்படி: வெற்றிடக் குமிழில் ஒரு முனையின் மின்னழுத்தம் இன்னொரு முனையின் மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது. அந்த உறவுக்கு ‘டிரான்ஸ்கண்டக்டன்ஸ்’ என்று பெயர். புதிய பாகத்தில் இது தலைகீழ், ஒரு பக்கத்து மின்னோட்டம் மறுபக்கத்து மின்னழுத்தத்தை ஆட்டுகிறது. அப்படியானால் இதற்குரியது ‘டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ்’. ஆய்வகத்தில் ஏற்கெனவே வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் தெர்மிஸ்டரும், மின்னழுத்தத்துக்கேற்பத் தடை மாறும் வேரிஸ்டரும் இருந்தன. அந்தக் குடும்பத்தோடு சேரும்படி வெட்டி ஒட்டியதும் டிரான்சிஸ்டர் வந்தது. வெட்டிய இடம் லத்தீன் இலக்கணப்படி தப்பு. ரெசிஸ்டர் என்பதை ‘ரெ’ என்றும் ‘சிஸ்டர்’ என்றும் பிரிப்பதே முறை. இவர்கள் ‘இஸ்டர்’ என்ற வாலை அறுத்துக்கொண்டார்கள். அந்த அறுந்த வால் பிறகு தைரிஸ்டர், மெம்ரிஸ்டர் என்று தன்பாட்டுக்கு வளர்ந்தது. தைரிஸ்டரில், பழைய தைரட்ரானின் கிரேக்கக் கதவும் இந்த லத்தீன் வாலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இதிலும் வோல்ட்டாவுக்கு நடந்தது பியர்ஸுக்கு நடந்தது. அவர் பார்த்த டிரான்சிஸ்டர் வேறு, இன்று கைபேசிச் சில்லுக்குள் கோடிக்கணக்கில் இருப்பது வேறு. இவை மாஸ்ஃபெட் வகை. அவற்றில் ஒரு முனையின் மின்னழுத்தம் இன்னொரு பாதையின் மின்னோட்டத்தை ஆட்டுகிறது, வெற்றிடக் குமிழில் நடந்த மாதிரியே. பியர்ஸ் எதிலிருந்து வேறுபடுத்துவதற்காகப் பெயர் கட்டினாரோ, அந்தக் குணத்தோடுதான் இன்றைய டிரான்சிஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை வேலை செய்கின்றன.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கான பெயரிலும் 1947இன் அந்த மேசை அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றின் மேல் தங்கத் தகட்டை ஒட்டி, நுனியில் பிளேடால் கீறி இரண்டாக்கி, ஸ்பிரிங் வைத்து ஜெர்மேனியத்தின் மேல் அழுத்தினார் பிராட்டன். இரண்டு தொடுமுனைக்கும் இடையே ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். ஒன்று மின்னூட்டத்தை உமிழ்ந்தது, அது எமிட்டர். ஒன்று வாங்கிக்கொண்டது, அது கலெக்டர். இரண்டும் எதன் மேல் நின்றனவோ, அந்தத் துண்டு பேஸ், அடித்தளம். நம் பாடநூல் இவற்றை உமிழ்ப்பான், ஏற்பான், அடிவாய் என்கிறது. பிறகு வந்த டிரான்சிஸ்டர்களில் பேஸ் நடுவில் மாட்டிய மெல்லிய ஏடு, அடியில் இல்லவே இல்லை. ‘அடிவாய் ஏன் நடுவில் இருக்கிறது?’ என்று வகுப்பில் கேட்கும் மாணவர் கேட்பது நியாயமான கேள்வி. மின்சுற்றுப் படத்தில் போடும் குறியீட்டைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஒரு தடித்த கோடு, அதன் மேல் சாய்வாக வந்து தொடும் இரண்டு கோடுகள். பிராட்டனின் ஜெர்மேனியமும் இரண்டு தங்க முனைகளும்தான் அவை.

மாஸ்ஃபெட்டும் சேர்ந்த ஃபெட் (மின்புல விளைவு டிரான்சிஸ்டர்) வகைக்கு 1952இல் வில்லியம் ஷாக்லி வைத்த பெயர்கள் இதைவிடத் தெளிவானவை: சோர்ஸ், கேட், டிரெயின். ஊற்று, மதகு, வடிகால் என்று ஒரு பாசனக் கண்மாயே உள்ளே இருக்கிறது. மின்சாரம் பாய்மம் என்ற பழைய நம்பிக்கை இங்கே உவமையாகத் திரும்பி வந்திருக்கிறது, இந்த முறை யாரையும் ஏமாற்றாமல்.

ஜீனர் டயோடுக்குப் பெயர் சூட்டியவரும் ஷாக்லிதான். கிளாரன்ஸ் ஜீனர் 1934இல் மின்காப்புப் பொருள்கள் உயர்ந்த மின்புலத்தில் எப்படி உடைகின்றன என்று விளக்கினார். அதற்கான மரியாதை அது. சிக்கல் என்னவென்றால், ஜீனர் சொன்ன விளைவு சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழேதான் கோலோச்சுகிறது. அதற்கு நன்றாக மேலே போனால் வேலை செய்வது வேறொரு விளைவு, பனிச்சரிவு போல எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று கிளப்பிவிடுவது. கடையில் 12 வோல்ட் ஜீனர் என்று கேட்டு வாங்குவதில் ஜீனருக்குப் பங்கு பெயரளவில்தான்.

வேலையை நேராகச் சொல்லும் பெயர்களும் இல்லாமல் இல்லை, அவற்றில் கதை குறைவு. டியூப்லைட் சோக் மாறுமின்னோட்டத்தின் குரல்வளையைப் பிடிக்கிறது, அதனால் சோக். பியூஸ் உருகுகிறது, லத்தீனில் உருக்குவதற்குரிய சொல்லே அது. பட்டாசுத் திரிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பியூஸ் வேறு வேரிலிருந்து வந்தது. நூல் நூற்கும் கதிர் என்று பொருள்படும் சொல் அது. ரிலே கொஞ்சம் சுவையானது. அஞ்சல் வண்டிக் குதிரைகள் களைத்ததும் வழியில் புதுக் குதிரை மாற்றும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். தூரம் போகப் போக வலுவிழக்கும் தந்திச் சைகையை, நடுவழியில் புது பேட்டரி ஒன்று ஏற்று அனுப்பியபோது அதே சொல் ஒட்டிக்கொண்டது.

டிரான்சிஸ்டருக்கு நம் கிராமங்களில் இன்னொரு திருப்பம் காத்திருந்தது. வால்வு செட்டு அலமாரி கனம் இருந்த இடத்தில், கையில் எடுத்துப் போகும் ரேடியோ வந்ததும் மக்கள் அந்த ரேடியோவையே டிரான்சிஸ்டர் என்று அழைத்தார்கள். வயல் வரப்பில் டிரான்சிஸ்டர் பாடியது, திண்ணையில் டிரான்சிஸ்டர் செய்தி வாசித்தது. உள்ளே இருக்கும் பாகத்தின் பெயர் பெட்டிக்கு ஏறிய இந்த வழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. தயாரிப்பாளர்களும் 1960களில் எத்தனை டிரான்சிஸ்டர் என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே பொறித்து விற்றார்கள். எண் கூடினால் விலையும் கூடும் என்பதால் சிலர் எந்த வேலையும் இல்லாத டிரான்சிஸ்டர்களைச் சும்மா பற்றவைத்தார்கள். இன்னும் சிலர் ஒரு காலை விட்டுவிட்டு இரண்டு காலை மட்டும் இணைத்து, டிரான்சிஸ்டரை டயோடாக ஓட்டிக்கொண்டு, அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.